ஸவாஹிரா ராத்தாவும் வெயில் கண்ணாடியும்

எங்கள் தோட்டத்தில் எலெக்ட்ரீசியன் என்று இருந்தது நான் ஒருவன்தான். அதனால் என் கெட்டிக்காரத்தனத்தை அளந்து பார்க்க வேறு ஆள் கிடையாது. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் மோட்டார் நின்றால் இராசையா, துரை பங்களாவில் விளக்கு எரியாவிட்டால் இராசையா. பதினான்கு வருடம் இப்படியே போனால் யாருக்கும் தலை கொஞ்சம் கனக்கத்தான் செய்யும். எனக்கும் கனத்தது. அந்தக் கனத்தை இறக்கி வைத்தவர் மின்சாரம் பற்றி ஓர் எழுத்துக்கூடப் படிக்காத ஒரு பெண். அவருடைய கதையைத்தான் சொல்ல வந்தேன். நடுவில் என் பெருமையும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸவாஹிரா ராத்தா பதுளைக்காரர். ஹாலிஎலையிலிருந்து ஸ்பிரிங்வெளி வரைக்கும் தோட்டத்து லயங்களில் குடியிருந்த பெண்கள் எல்லோருக்கும் அவர் ராத்தாதான், அதாவது அக்கா, வயதில் மூத்தவர்களுக்கும்கூட. கணவர் அலவி நானா தையல்காரர். இருவருக்கும் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய வேன் இருந்தது. ஒரு காலத்தில் பேக்கரிப் பாண் ஏற்றிய வேன். அதன் நடுவில் தையல் மெசினை ஆணி அடித்து நிறுத்தி, இரண்டு பக்கமும் துணிச் சுருள்களை அடுக்கி, பின்னால் பலகைக் கட்டில் ஒன்று போட்டிருந்தார்கள். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே புறப்பட்டுவிடுவார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் நாலு நாள், ஐந்து நாள். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்து வெளியில் வேனை நிறுத்தி, அங்கேயே துணி விற்று, அளவெடுத்து, தைத்துக் கொடுத்து, அங்கேயே படுத்து எழும்பி அடுத்த தோட்டத்துக்குப் போவார்கள்.

இந்த வியாபாரத்தின் அச்சாணி ராத்தா. நானாவின் தையலில் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் பெண்கள் ஓர் ஆம்பளைத் தையல்காரனுக்கு முன்னால் அளவு கொடுக்க நிற்க மாட்டார்கள். ராத்தா இல்லாவிட்டால் அளவுக்கென்று பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்தனுப்புவார்கள். அந்த ரவிக்கை பெரும்பாலும் இரண்டு பிள்ளைக்கு முந்தியதாக இருக்கும். ராத்தா இருந்தால் வேன் கதவைச் சாத்திக்கொண்டு, நாடாவைப் பிடித்து, கூடவே ஊர்க்கதையும் பிடித்து, பத்து நிமிடத்தில் ஒருவரை முடித்து அனுப்புவார். துணி வெட்டுவதும் அவரே. நானா மிதிப்பார், அவ்வளவுதான். இதை நான் சொல்லவில்லை, நானாவே சொல்லுவார்.

ராத்தாவுக்கு ஒரு பயம் இருந்தது. எழுபத்தெட்டில் பதுளைச் சந்தைக்குப் பின்னால் இருந்த அவர்களுடைய தையற்கடை எரிந்துபோனது. உள்ளே கிடந்த துணியை இழுக்கப்போய் ராத்தாவின் இடது கை முழங்கை வரை வெந்தது. அதற்குப் பிறகு அவர் எந்தக் காலத்திலும் நீளக்கை உடுப்புத்தான். துணி இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். வேனுக்குள் விளக்கில்லை, மெழுகுதிரியில்லை, நெருப்புப்பெட்டிகூட இல்லை. சோறாக்கும் அடுப்பு வேனிலிருந்து இருபது காலடி தள்ளி. நானா பீடி குடிக்க வேண்டுமானால் கோயில் மரம் வரைக்கும் நடக்க வேண்டும்.

கஷ்டம் எங்கே என்றால், எங்கள் பெண்கள் மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, வீட்டுக்குப் போய் முகம் கழுவி வர ஆறு மணியாகும். ஆறேகாலுக்கு இருட்டு. டோர்ச் வெளிச்சத்தில் அளவெடுக்கலாம், வெட்டித் தைக்க முடியாது. எண்பத்தைந்தாம் ஆண்டு தீபாவளி நெருக்கத்தில் நானா பொறுமையிழந்து ஒரு மண்ணெண்ணெய் லாம்பை வேனுக்குள் தொங்கவிட்டார். ராத்தா பையை எடுத்துக்கொண்டு இறங்கி, ஹாலிஎலை வரைக்கும் நடந்து, பஸ் பிடித்துப் பதுளைக்குப் போய்விட்டார். அந்த வருடம் பழைய ரவிக்கைகள் வந்து சேர்ந்தன. தீபாவளியன்று எங்கள் தோட்டத்தில் பாதிப் பெண்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்கு வந்தார்கள்.

அதற்குப் பிறகு ராத்தா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். நெருப்பில்லாத வெளிச்சம் இருந்தால் வருவேன். இன்னொரு தடவை அந்த வேனில் நெருப்பு வாசம் அடித்தால் அதோடு சரி, வேனை வித்துப்போடலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று நானாவுக்குத் தெரியும்.

எண்பத்தாறில் ராத்தாவின் தம்பி ஹுமைத் சவூதியிலிருந்து வந்தார். அங்கே பாலைவனத்துக்கு நடுவில் டெலிபோன் கம்பம் பார்க்கிற வேலை. கம்பனி கழித்துப்போட்ட ஒரு தகட்டைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கதவின் பாதி உயரம், மேலே கண்ணாடி, உள்ளே கருநீலச் சில்லுகள். படம் மாட்டுகிற சட்டம் என்றுதான் நானா முதலில் நினைத்தாராம். வெயிலில் வைத்தால் கரண்ட் வரும் என்று ஹுமைத் சொன்னதும் இரண்டு பேரும் அதைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்கள்.

நானும் அப்போதுதான் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் முகத்தில் காட்டிக்கொள்வேனா? மீட்டரை எடுத்து இரண்டு வயரிலும் வைத்தேன். முள் எழும்பி நின்றது. "ஓ, இதா" என்றேன், தினமும் பார்க்கிற சாமான் மாதிரி.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. ராத்தா ஒரு சாக்கைப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார். நான் தொட்டதற்கெல்லாம், நெருப்புப் பிடிக்குமா என்று ஒரே கேள்வி: "இது பத்துமா?"

தகட்டை வேனின் கூரையில் ஒட்ட வைக்காமல், நாலு மூலையிலும் கட்டை கொடுத்துக் கைவிரல் நுழைகிற இடைவெளி விட்டு முறுக்கினேன். கீழே காற்று ஓடாவிட்டால் தகடு சுட்டுச் சோர்ந்துபோகும். வயர் முடுக்குகிற நேரத்தில் தகட்டின் மேல் சாக்குப் போட்டு மூடினேன்.

"ஏன் மூடுறீங்க தம்பி?"

"இதுக்கு சுவிட்ச் கெடையாதுங்க ராத்தா. வெயில் பட்டா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். நம்மதான் கண்ணைக் கட்டணும்."

கூரையில் வயர் இறங்கும் ஓட்டைக்கு டயர் டியூபில் வெட்டிய ரப்பர் வளையம் வைத்தேன். தகர விளிம்பு வயரின் தோலை அறுத்துவிடும் என்று விளக்கினேன். இரவில் பெட்டரியிலிருந்து கரண்ட் திரும்பித் தகட்டுக்குப் போகாமல் தடுக்க, ஹுமைத் கொண்டுவந்த சிறு உருளை ஒன்றை நடுவில் சேர்த்தேன். லொறி பெட்டரியைத் தொடுவதற்கு முன்னால் என் கை மணிக்கூட்டைக் கழற்றினேன். நானாவின் மோதிரத்தையும் கழற்றச் சொன்னேன். ஸ்பெனர் இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டால் மோதிரம் விரலோடு பழுத்துவிடும் என்றேன். பெட்டரிக்கு ஒரு சாண் தூரத்தில் பியூஸ்.

"இது என்னத்துக்கு?"

"எங்கயாச்சும் தப்பு நடந்தா மொதல்ல சாகுறது இதுங்க ராத்தா. இது செத்தா மத்ததெல்லாம் பொழைச்சுக்கும். சில பேரு சிகரெட் தாளைச் சுத்தி ஓட்டுவாங்க. அது படுபாவி வேலை."

ராத்தா தலையாட்டினார். அவர் தலையாட்டினால் விஷயம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பெட்டரி மூச்சு விடும், அந்தக் காற்றுக்கு ஒரு பொறி பட்டால் வெடிக்கும், அதனால் கட்டிலுக்கு அடியில் திறந்து வைக்கக்கூடாது என்றும் சொன்னேன். ஒரு பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் மேல்பக்கத்திலிருந்து ஒரு குழாயை வேனுக்கு வெளியே விட வேண்டும். பெட்டி எங்கே? ஸ்டோரில் கழித்த தேயிலைப் பெட்டி ஒன்று கிடந்தது. நல்ல பலகை, மூலைக்குத் தகரப் பட்டி, உள்ளே சுற்றிலும் ஈயத்தாள், புத்தம் புதுசு மாதிரி. பெட்டரி உள்ளே அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. சுற்றிச் சாக்குத் துண்டு திணித்தேன். பக்கத்தில் ஓட்டை போட்டு விளக்கு வயரை வெளியே எடுத்தேன். நானாவுக்கும் எனக்கும் அப்படி ஒரு திருப்தி.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். ஈயத்தாள் எங்களுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். லயத்தில் காற்றுப் புகுகிற சுவரில் அதைத்தான் ஒட்டுவோம். காவடிக்கு அதுதான் பளபளப்பு. பிள்ளைகளின் கொப்பிக்கு அதுதான் உறை. தேயிலைப் பெட்டியில் அரிசி வைப்போம், உடுப்பு வைப்போம், பொம்பளைப் பிள்ளைக்குச் சீர் கட்டுவோம். அதனால் அந்தப் பெட்டியைப் பார்த்து, நாலு பக்கமும் கரண்ட் ஓடுகிற உலோகத்துக்குள் பெட்டரியை இறக்குகிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூரைத் தகரத்துக்கு ரப்பர் வைத்த அதே கை, இந்த ஓட்டையை வெறுமனே விட்டுவிட்டது. பதினான்கு வருட சர்வீஸ்!

அந்த வருடம் ராத்தா வந்தார். பஸ்ஸுக்குள் எரிகிற மாதிரி இரண்டு பல்ப், ஒன்று மெசினுக்கு மேல், ஒன்று வெட்டும் பலகைக்கு மேல். ஐப்பசி மழை பின்னேரத்தில்தான் கொட்டும். காலை வெயிலே போதும், இரவு ஒன்பது மணி வரைக்கும் எரிந்தது. மூன்று தோட்டத்தை முடித்துக்கொண்டு, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துக் குழி ரோட்டில் குலுங்கிக் குலுங்கி எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. ராத்தாவின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு தெளிவு. எனக்கோ நிலத்தில் கால் பாவவில்லை. சாயங்காலமானால் வேனுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன், யாராவது "இதை யார் பூட்டினது?" என்று கேட்பார்களா என்று.

வந்த இரண்டாம் நாள், சனிக்கிழமை சாயங்காலம். பெண்கள் பத்துப் பேர் வரிசையில். பெரியாயி அக்கா உள்ளே அளவு கொடுத்துக்கொண்டிருக்கிறார். விளக்கு இரண்டும் பட்டென்று போய்விட்டன.

"என்ன ராசையா, ஒன் சூரியன் மறைஞ்சிருச்சா?" என்று உள்ளேயிருந்து பெரியாயி அக்கா கேட்டார். வெளியே சிரிப்பு.

"பியூஸ்தாங்க, ஒரு நிமிசம்" என்று வேனுக்குள் ஏறினேன். ராத்தா டோர்ச் பிடித்தார். பெட்டியைத் திறந்து புதுப் பியூஸ் வைத்தேன். வைத்த கையோடு அதுவும் போனது. நானாவின் டப்பாவில் வேறு பியூஸ் இல்லை. வெளியே நிற்கிறவர்கள் பார்க்கிறார்கள். நானா என் முகத்தைப் பார்க்கிறார். எனக்குக் காது சுட்டது.

அந்த நேரத்தில் நான் செய்யப்போன காரியத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கண்ணுக்கு முன்னால் பெட்டியின் விளிம்பில் ஈயத்தாள் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு துண்டைக் கிழித்தேன். செத்த பியூஸில் சுற்ற ஆரம்பித்தேன். இன்றைக்கு மட்டும், காலையில் மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ராத்தா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பி, ரெண்டு பியூஸ் மவுத்தாகி ஈக்குது. ரெண்டும் எதைக் கண்டு செத்திச்சு எண்டு கேக்காம, சாகாத ஒண்ட வெக்கப் போறீங்களா?"

ராத்தா டோர்ச்சைப் பெட்டிக்குள் அடித்தார். விளக்கு வயர் வெளியேறும் ஓட்டையைச் சுற்றி ஈயத்தாள் கருகி, நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு. குழி ரோட்டில் குலுங்கியதில் வயரின் தோல் அங்கே தேய்ந்து, உள்ளே இருந்த செம்பு தாளிலும் மூலைத் தகரத்திலும் பட்டிருந்தது. பெட்டரியும் ஒரு விரலளவு நகர்ந்து, மைனஸ் முனை எதிர்ப்பக்கத் தாளில் சாய்ந்திருந்தது. நான் சுற்றிய தாளோடு அந்தப் பியூஸை வைத்திருந்தால் வயர் முழுக்கப் பழுத்திருக்கும். அந்த வயருக்கு இரண்டு பக்கமும் துணி. கதவுக்குப் பக்கத்தில் ராத்தா. நடுவில் பாதி அளவோடு பெரியாயி அக்கா.

ராத்தா பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்பெனரை எடுத்து, நான் சொல்லிக் கொடுத்திருந்தபடியே மைனஸ் முனையை முதலில் கழற்றினார். கையில் வளையல் இல்லை. வேனில் ஏறும்போதே கழற்றி வைத்திருக்கிறார். பிறகு இறங்கிப் பெண்களிடம், "இண்டைக்கு வெளிச்சம் இல்ல புள்ளைகள், நாளைக்கு வாங்க" என்றார். யாரோ குப்பி விளக்குக் கொண்டு வரவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிள்ளைக்காம்பராப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். வேனுக்குத் திரும்பவில்லை. கருகின வாசம் வேனுக்குள் லேசாக இருந்தது. நானாவுக்கும் எனக்கும் அது நன்றாகவே தெரிந்தது. அன்றிரவு ராத்தா பிள்ளைக்காம்பரா ஆயாவோடு படுத்துக்கொண்டார். நாளைக் காலை பஸ் என்றுதான் நானும் நினைத்தேன், நானாவும் நினைத்தார்.

காலையில் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு போனேன். ராத்தா பஸ்ஸுக்குப் போயிருக்கவில்லை. பெட்டியை வெளியே இழுத்துப்போட்டு, ஈயத்தாளை ஒரு துண்டு விடாமல் உரித்துக்கொண்டிருந்தார். நான் மூலைத் தகரத்தைக் கழற்றினேன். பெட்டரி நகராமல் நாலு பக்கமும் கட்டை அடித்து, வார் போட்டு இறுக்கினேன். ஓட்டைக்குத் தடித்த ரப்பர், தேய்ந்த வயருக்குப் பதில் புது வயர், டப்பா நிறையப் பியூஸ். நானா வேனுக்குள் மெசினில் குனிந்து, நின்றுபோன ரவிக்கைகளை வெளிச்சம் இருக்கும்போதே தைத்துக்கொண்டிருந்தார்.

"ராத்தா, என்னைய மன்னிச்சிருங்க" என்றேன். "நீங்க போறதுன்னா போங்க. ஒங்களத் தப்பு சொல்ல மாட்டேன். தெரிஞ்ச ஆளுன்னு நம்பி வந்தீங்க, கொன்னுருப்பேன்."

ராத்தா கையிலிருந்த தாளைச் சுருட்டிக் கீழே போட்டார்.

"தம்பி, பத்துப் பேருக்கு முன்னால தெரியாது எண்டு செல்ல உங்களுக்கு வெக்கமா இருந்திச்சு. அவ்வளவுதானே? எனக்கும் அண்டைக்கு அப்படித்தான். பெருநாள் துணி முடியல்ல. முடிச்சுத் தாறன் எண்டு சனத்துக்கிட்ட செல்லிட்டன். இவர் பள்ளிக்குத் தொழப் போன நேரம், ஒழுகுற லாம்பு எண்டு தெரிஞ்சே பத்த வெச்சன். கடைய எரிச்சது நான்தான்."

மெசின் நின்றது. பக்கத்துச் சோற்றுக்கடை அடுப்பிலிருந்துதான் நெருப்பு வந்தது என்று எட்டு வருடமாகப் பதுளை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அலவி நானா. நான் வேன் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயந்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் நானா, துணியிலிருந்து தலையைத் தூக்காமல். "அண்டைக்கே தெரியும். அந்த லாம்பு உங்கட கையிலதானே ஒட்டியிருந்திச்சு. நான்தான் பிச்சு எடுத்தன்."

ராத்தா எழும்பி நின்றார்.

"தெரிஞ்சா ஏன் ஒரு நாளும் செல்லல்ல?"

"செல்லியிருந்தா நீங்க இந்த வேனில என்னோட வெளிக்கிட்டு வந்திருப்பீங்களா?"

ராத்தா அழுதார். நெருப்புக்கு அவர் பயந்ததைவிட, நானாவுக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்றுதான் எட்டு வருடம் பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிறகு அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேனில் ஏறினார். நீளக்கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக் கத்தரியை எடுத்து, பெரியாயி அக்காவின் துணியைப் பலகையில் விரித்தார்.